தோட்டாக் கூட்டின் கதை: காகிதம், செம்பு, பித்தளை

துப்பாக்கி பற்றிப் பேசுகிறவர்கள் குழலைப் பற்றிப் பேசுவார்கள், குண்டைப் பற்றிப் பேசுவார்கள், குறி பார்த்த விதத்தை மணிக்கணக்கில் பேசுவார்கள். குண்டையும் மருந்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெடித்து முடிந்ததும் கீழே விழும், பையன்கள் பொறுக்கி எடுத்து வாயில் வைத்து விசில் ஊதுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வெற்றுக் கூட்டை எதனால் செய்வது என்ற கேள்விக்காக ஒரு நூறு ஆண்டு காலம் பெரிய பெரிய ராணுவங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. தவறான விடைக்காகப் பல பேர் உயிரையும் கொடுத்தார்கள். நம் நாட்டு மழைக்காலமும் குதிரை லாயமும்கூட இந்தக் கதையில் வருகின்றன. உலோகவியல் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு. போன மாதம் வெண்கலப் பானை பற்றி எழுதியதைப் படித்த நண்பர்கள் இதையும் பொறுமையாகப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் தோட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மருந்து கெட்டிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, கடைசியில் கேப்பை மாட்டிச் சுடுவார்கள். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். கேப், மருந்து, குண்டு மூன்றையும் ஒரே கூட்டில் முன்கூட்டியே கட்டி வைத்துவிட்டால் அதுதான் தோட்டா. துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து செருகி, மூடி, சுட வேண்டியதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூடு செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிப் பாருங்கள். மருந்தை ஈரம் படாமல் காக்க வேண்டும். வெடிக்கும் கணத்தில் ஊதிப் பெருத்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு துளி நெருப்பும் பின்பக்கமாக வந்து சுடுகிறவன் கண்ணைப் பறிக்காமல் தடுக்க வேண்டும். அடுத்த கணமே சற்றுச் சுருங்கி, கொக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஊதவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இரண்டும் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் நடக்க வேண்டும். வேட்டைக்காரன் அதே கூட்டைத் திரும்ப அடைத்துப் பயன்படுத்த விரும்பினால், இதையெல்லாம் ஐந்தாறு முறையாவது விரிசல் விடாமல் செய்ய வேண்டும். இத்தனைக்கும் ஒத்துவருகிற பொருள் எது என்பதுதான் கேள்வி.

காகிதம்

முதல் விடை காகிதம். அளந்த மருந்தையும் குண்டையும் ஒரு காகிதச் சுருளில் பொட்டலம் போலக் கட்டி வைப்பார்கள். சிப்பாய் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை உள்ளே தள்ளிச் சுடுவான். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டா இப்படிப்பட்டதுதான். குண்டு குழலுக்குள் இறுக்கமாக இறங்க வேண்டும் என்பதற்காகக் காகிதத்தின் ஒரு முனையில் கொழுப்பு தடவியிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. சிப்பாய்கள் தங்களுக்கு ஒப்பான கொழுப்பைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அரசு சொல்லிப் பார்த்தது. பள்ளிப் பாடத்தில் அதிகம் வராத ஒரு செய்தி இங்கே உண்டு. கொழுப்புப் பிரச்சினை அதோடு தீரவில்லை. புதிதாக வந்த காகிதமே பளபளவென்று இருக்கிறதே, அதிலேயே கொழுப்பு சேர்த்திருப்பார்களோ என்று சிப்பாய்கள் சந்தேகப்பட்டார்கள். பொருளின் மேலேயே நம்பிக்கை போய்விட்டால் அதன் பிறகு எந்தச் சமாதானமும் எடுபடாது. ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10ஆம் தேதி மீரட் எழுந்தது.

நம் வேலூரில் 1806இல் ஒரு தலைப்பாகை செய்ததை 1857இல் ஒரு காகிதச் சுருள் செய்தது. இரண்டுக்கும் பின்னால் வேறு பல காரணங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் மேலிடத்தில் இருப்பவர்கள் ‘சின்ன விஷயம்’ என்று நினைப்பது, அதை வாயில் வைத்துக் கடிக்க வேண்டியவனுக்குச் சின்ன விஷயம் அல்ல. தோட்டாக் கூட்டின் வரலாறு நெடுகிலும் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வருகிறது.

தகடு சுற்றிய கூடு

1866இல் பிரிட்டிஷார் தங்கள் பழைய என்ஃபீல்டுகளையே பின்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். அதற்கு ஸ்னைடர் என்று பெயர். அதற்கேற்ற தோட்டாவை வூல்விச் ஆயுதச்சாலையின் சோதனைக்கூடத் தலைவராக இருந்த எட்வர்டு பாக்ஸர் என்பவர் வடிவமைத்தார். மெல்லிய பித்தளைத் தகட்டைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அடியில் ஒரு இரும்புத் தட்டைப் பொருத்தினார். மலிவு. செய்வது எளிது. வெடிக்கும்போது சுருள் அவிழ்ந்து அறையை அடைத்துக்கொள்ளும். பாடமாகச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் இதே சுருள் கூடுதான். ஆனால் இதில் மருந்து அதிகம், கூடு நீளம். இரண்டு பலவீனங்கள் வெளியே வந்தன. ஒன்று, தகடு மெல்லியது. பையில் கிடந்து நசுங்கினால் அறைக்குள் நுழையாது. இரண்டாவது, இன்னும் மோசம். நாலைந்து முறை சுட்டுத் துப்பாக்கி சூடேறி, உள்ளே கருமருந்தின் கசடும் மணலும் சேர்ந்துவிட்டால், கூடு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கொக்கி இழுக்கும்போது அடித்தட்டு மட்டும் பிய்ந்து வரும், தகட்டுச் சுருள் உள்ளேயே நின்றுவிடும். அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கி வெறும் தடிதான்.

1885 ஜனவரி 17ஆம் தேதி சூடானில் அபூ கிளியா என்ற இடத்தில் பிரிட்டிஷ் படைக்கு இதுதான் நேர்ந்தது. எதிரிகள் அலையலையாக வந்துகொண்டிருக்க, பலருடைய துப்பாக்கிகள் கூடு சிக்கி நின்றுபோயின. அவர்கள் கொண்டுபோயிருந்த கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியும் நடுவில் நின்றுபோனது. அந்தப் படையெடுப்புக்குப் பிறகுதான் சுருள் தகட்டைக் கைவிட்டு, ஒரே துண்டுப் பித்தளையிலிருந்து இழுத்துச் செய்த கெட்டிக் கூட்டுக்கு மாறினார்கள். கொஞ்சம் கூடுதல் செலவு என்று பத்துப் பதினைந்து வருடம் தள்ளிப்போட்ட மாற்றம் அது.

செம்பு

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 1873ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்குச் செம்பால் ஆன கூடுகள் கொடுத்தார்கள். செம்பு இழுத்த இழுப்புக்கு வரும் உலோகம். மெதுவானது, கிழியாது. அப்புறம் என்ன குறை?

நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் நசுங்கும், நசுங்கினது நசுங்கினபடியே இருக்கும். பித்தளைச் சொம்பு விழுந்தால் ‘ணங்’ என்று சத்தம் போட்டுவிட்டு, சின்ன அடியாக இருந்தால் பழைய உருவத்துக்கு வந்துவிடும். செம்புக்கு ஊதத் தெரியும், சுருங்கத் தெரியாது. வெடிக்கும்போது அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்ட செம்புக்கூடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தோல் வார்களில் செருகி வைத்திருந்தபோது பச்சைக் களிம்பு பிடித்துவிட்டால் இன்னும் மோசம். கொக்கி இழுத்தால் கூட்டின் விளிம்பு மட்டும் கிழிந்து வரும்.

1876 ஜூன் 25ஆம் தேதி லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஜெனரல் கஸ்டரும் அவரோடு இருந்த படையும் முழுதாக அழிந்தபோது, இந்தச் செம்புக்கூடுதான் காரணம் என்ற பேச்சு கிளம்பியது. நூறு ஆண்டு கழித்து, 1980களில், அந்தப் போர்க்களத்தை அங்குலம் அங்குலமாகத் தோண்டி வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தார்கள். கத்தியால் நெம்பி எடுத்த தழும்புள்ள கூடுகள் கிடைத்தன, ஆனால் மொத்தத்தில் அவை சொற்பம். தோல்விக்கு எண்ணிக்கையும் தலைமையும்தான் பெரிய காரணம் என்று தெரிந்தது. ஆனாலும் அந்தச் சொற்பத்தில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தவனுக்குக் கணக்கு வேறாகத்தான் இருந்திருக்கும். அமெரிக்க ராணுவமும் பின்னால் செம்பை விட்டுப் பித்தளைக்கு வந்து சேர்ந்தது.

எழுபதும் முப்பதும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகத்தைக் காய்ச்சி வடிப்பது லேசான வேலை இல்லை. உருக்க முயன்றால் ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து உலோகமாக்கும் வித்தையை ராஜஸ்தானத்தின் ஜாவர் சுரங்கப் பகுதி மக்கள் ஐரோப்பியர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே பெரிய அளவில் செய்துவந்தார்கள். அங்கே உலைகளும் மண் மூசைகளும் மலைமலையாகக் கிடைத்திருக்கின்றன.

எந்த அளவில் கலப்பது என்பதுதான் சூட்சுமம். நூற்றுக்கு முப்பது பங்கு துத்தநாகம் வரை சேர்க்கும்போது பித்தளை வலுவும் ஏறும், இழுத்த இழுப்புக்கும் வரும். நாற்பது பங்கு ஆகிவிட்டால் வேறு ஒரு படிக அமைப்பு உள்ளே புகுந்துவிடும். அந்தப் பித்தளையைச் சூடாக்கித்தான் தட்ட முடியும், குளிர்ந்த நிலையில் ஆழமாக இழுத்தால் கிழிந்துவிடும். பர்மிங்காமில் மன்ட்ஸ் என்பவர் 1832இல் உரிமம் வாங்கிய அறுபது-நாற்பது பித்தளை கப்பலின் அடிப்பக்கத்தில் தகடாக அடிக்க நன்றாக உதவியது. தோட்டாக் கூட்டுக்கு உதவாது. செம்பு எழுபது, துத்தநாகம் முப்பது என்ற கலவைக்கே இன்றுவரை ‘கார்ட்ரிட்ஜ் பித்தளை’ என்றுதான் உலகம் முழுக்கப் பெயர்.

செய்கிற முறையும் அழகானது. தடித்த தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லை வெட்டி, அச்சில் அமுக்கிக் கிண்ணமாக்குவார்கள். கிண்ணத்தை இன்னும் குறுகிய அச்சில் இழுத்து டம்ளராக்கி, டம்ளரை மறுபடி இழுத்துக் குழாயாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை முறுகிக் கெட்டியாகிக்கொண்டே வரும். அப்படியே விட்டால் அடுத்த இழுப்பில் கிழியும், அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்குவார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கும்பகோணம் பக்கத்துக் கன்னார் பட்டறைகள்தான் நினைவுக்கு வரும். அடிக்க அடிக்க முறுகும், நெருப்பில் காட்டினால் இளகும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் முறுகும். பித்தளையைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் இளகியபடியேதான் இருக்கும். இந்த ஒரு குணத்தால்தான் பித்தளைக் கூடு வேட்டைக்காரனுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கூட்டின் அடிப்பாகத்தை முறுக்காகவும் வாய்ப் பாகத்தை இளக்கமாகவும் வைப்பதுதான் கடைசிக் கைவண்ணம். அடிப்பாகம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும்; வாய்ப் பாகம் ஊதி அடைக்க வேண்டும். 1889இல் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தபோது இந்தக் கைவண்ணம் இன்னும் முக்கியமாகிவிட்டது. கருமருந்து காலத்தில் இல்லாத அழுத்தம் அதில்; .303 துப்பாக்கியில் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கும் மேல். அந்தக் கார்டைட்டை நம் நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தயாரித்தது. குன்னூர் ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். தோட்டாக்களைச் செய்ய 1869இலேயே புனே அருகே கிர்க்கியில் ஒரு தொழிற்சாலை வந்துவிட்டது.

லாயத்தில் விரிந்த கூடுகள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது இந்தியாவிலிருந்து ஒரு விசித்திரமான புகார் போனது. நல்ல பித்தளை, நல்ல வேலைப்பாடு, பரிசோதனையில் தேறிய தோட்டாக்கள். யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை. சும்மா வைத்திருந்த இடத்திலேயே கூடுகளில் விரிசல் விட்டிருந்தது. குண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்ப் பகுதியில்தான் அதிகம். அதுவும் மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறக்கும்போதுதான் இப்படி.

பருவத்தோடு சேர்ந்து வந்ததால் இதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தால் காரணம் தெரிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது, மனித இயல்பு அப்படி. இந்தியாவின் சீதோஷ்ணம் பித்தளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது அல்லவா?

முடியவில்லை. 1921இல் இங்கிலாந்தில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று உலோகவியலாளர்கள் இதை விளக்கினார்கள். மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறைவு. தோட்டாப் பெட்டிகளை நனையாமல் வைக்கக் குதிரை லாயங்களைப் பயன்படுத்தினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அமோனியா கிளம்பும். ஈரக் காற்றோடு சேர்ந்த அந்த அமோனியாதான் பித்தளையைப் பிளந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான அண்டாவில் நவச்சாரத்தைத் தூவும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வருமே, அந்த நெடிக்குச் சொந்தக்காரரும் இந்த அமோனியாதான்.

அமோனியா மட்டும் இருந்தால் போதாது. கூட்டுக்குள்ளேயே ஒரு இறுக்கமும் இருக்க வேண்டும். கடைசி இழுப்பில் பித்தளை முறுகும்போது, வெளியே தெரியாத ஒரு விசை உள்ளே தங்கிவிடுகிறது. மேலுக்குப் பார்த்தால் அமைதியாக இருக்கும், உள்ளே நாண் ஏற்றிய வில். அமோனியா பித்தளையின் படிகங்களுக்கு நடுவே உள்ள எல்லைக்கோடுகளை அரிக்க, உள்விசை அந்தக் கோட்டைப் பிரித்து இழுக்க, இரண்டும் சேர்ந்து கூட்டைப் பிளந்துவிடும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. இறுக்கம் இல்லாத பித்தளையை லாயத்தில் வைத்தால் கறுக்கும், பிளக்காது. இறுக்கமுள்ள பித்தளையைச் சுத்தமான காற்றில் வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும்.

மருந்து மிகச் சுலபமாக இருந்தது. கடைசி இழுப்புக்குப் பிறகு, உலோகத்தின் வலு குறையாத அளவுக்கு மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் உள்ளிறுக்கம் போய்விடும். தேறியதா என்று பார்க்க, பாதரச உப்புக் கரைசலில் ஒரு கூட்டை முக்கிப் பார்ப்பார்கள். இறுக்கம் மிச்சமிருந்தால் சில நிமிடங்களிலேயே விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். ராணுவத் தோட்டாக்களின் வாய்ப்பக்கம் தீயில் வாட்டியது போல நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் இருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை, இளக்கியதற்கான அடையாளம். அதைத் துடைக்காமல் விட்டுவைப்பதே, வேலை நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குத்தான்.

என் வேலைக் காலத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். உடைந்த பொருளைக் கையில் வாங்கியதும் பூதக்கண்ணாடியை எடுக்காதே; இது எங்கே வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று முதலில் கேள். பொருளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குதிரை தெரியவில்லை.

வேட்டைக்காரர்களின் கணக்கு

ராணுவத்துக்குத் தோட்டா ஒருமுறைப் பொருள். வேட்டைக்காரனுக்கு அப்படி இல்லை. 1870களில் அமெரிக்கச் சமவெளியில் எருமை வேட்டையாடியவர்கள் ராத்திரி நெருப்போரம் உட்கார்ந்து, பகலில் சுட்ட கூடுகளைத் திரும்ப அடைத்துக்கொள்வார்கள். ஊர் நூறு மைல் தள்ளி இருக்கிறது, வேறு வழியில்லை. நம் நாட்டிலும் தேயிலைத் தோட்டத்துத் துரைகளும் காட்டிலாகா அதிகாரிகளும் சீமையிலிருந்து தோட்டா வந்து சேரும் வரை காத்திருக்க முடியாமல் இதைச் செய்துகொண்டார்கள்.

பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கிக்கு அன்று கிடைத்தது அட்டைக் கூடு, அடியில் பித்தளை மூடி. வறண்ட நாட்டில் அது போதும். நீலகிரியிலும் வயநாட்டிலும் ஜூன் மாத மழையில் அட்டை ஊறி உப்பிவிடும். உப்பிய தோட்டா அறைக்குள் நுழையாது; பாதி நுழைந்து நின்றால் இன்னும் ஆபத்து. அதனால் முழுதும் பித்தளையாலான ரவைக் கூடுகளைச் சிலர் விரும்பினார்கள். விலை அதிகம் என்றாலும் பலமுறை அடைக்கலாம், மழைக்குப் பயப்பட வேண்டாம்.

ரைஃபிள் தோட்டாவைத் திரும்ப அடைப்பதில் இரண்டு கண்ணிகள் இருந்தன. முதலாவது கேப். அந்தக் காலக் கேப்பில் பாதரசம் கலந்த மருந்து இருக்கும். பாதரசம் பட்ட தங்க மோதிரம் வெளுத்துப் பொடிந்துபோவதை வீட்டில் பார்த்தவர்கள் உண்டு. பித்தளைக்கும் அதே கதிதான். கருமருந்து காலத்தில் கசடு ஏராளமாக இருந்ததால் பாதரசம் அதில் கலந்து போய்விடும். புகையில்லா மருந்தில் கசடு குறைவு, பாதரசம் நேரே பித்தளையில் ஏறிவிடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் கூடு இரண்டாம் முறை வெடிக்கும்போது பிய்ந்துபோகும். பாதரசத்தை நீக்கி வேறு உப்பைச் சேர்த்தபோது கூடு பிழைத்தது, ஆனால் அந்த உப்பு குழலைத் துருப்பிடிக்க வைத்தது. பழைய .303 வைத்திருந்தவர்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக் கழுவியது அதற்காகத்தான்.

இரண்டாவது, கேப் உட்காரும் குழியின் அமைப்பு. இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்துக்காரர் பாக்ஸரின் முறையில் குழி நடுவில் ஒரே துளை; மேலிருந்து ஒரு ஊசியை விட்டுத் தட்டினால் பழைய கேப் கழன்றுவிடும். அமெரிக்கர் பெர்டனின் முறையில் நடுவில் ஒரு சிறு மேடும் ஓரத்தில் துளைகளும். ஊசி விட முடியாது, நெம்பித்தான் எடுக்க வேண்டும். போகப் போக அமெரிக்கா இங்கிலாந்துக்காரர் முறையையும், ஐரோப்பாவும் இங்கிலாந்தும் அமெரிக்கர் முறையையும் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப அடைக்கும் பழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்ப அடைக்கும்போது ஒவ்வொரு முறையும் கூட்டின் வாய் ஊதிச் சுருங்கி முறுகுகிறது. நாலைந்து முறைக்கு மேல் வாய் பிளக்கத் தொடங்கும். பழைய கைகள் கூடுகளைத் தட்டுத் தண்ணீரில் பாதி மூழ்க நிறுத்தி, வாயை மட்டும் சுடரில் வாட்டி, சாய்த்துத் தண்ணீரில் விழவைப்பார்கள். அடிப்பாகம் தண்ணீருக்குள் இருப்பதால் இளகாது. இளகினால் ஆபத்து, அழுத்தத்தைத் தாங்குவது அதுதானே. கன்னாருக்குத் தெரிந்த அதே வித்தை.

ஒரு தோட்டா வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம் கார்பெட் சொல்லும் சம்பாவத் புலிக்கதை போதும். 1907இல் அந்த ஆட்கொல்லியைக் காயப்படுத்தியபோது அவரிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. தாசில்தாரிடம் ஓடி, அவருடைய பழைய துப்பாக்கியை வாங்கிவந்து முடித்தார். நம் சேலம், தருமபுரிக் காடுகளில் .405 வின்செஸ்டரோடு திரிந்த கென்னத் ஆண்டர்சனின் கதைகளிலும் இரண்டாவது வெடிக்கு நேரமில்லாத கட்டங்கள் உண்டு. அப்படிப்பட்ட கணத்தில் கூடு சிக்கினால், அது வெறும் உலோகவியல் பிரச்சினையாக இருக்காது.

இரும்பும் அலுமினியமும்

போர்க்காலத்தில் செம்பு கிடைக்காமல் ஜெர்மானியர்கள் இரும்புக் கூட்டுக்கு அரக்குப் பூச்சு பூசிப் பார்த்தார்கள். ரஷ்யாவும் இரும்பிலேயே நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரத்துக் கார் ஆலை ஒன்று .45 கைத்துப்பாக்கிக்கான இரும்புக்கூட்டுத் தோட்டாக்களைக் கோடிக்கணக்கில் செய்துகொடுத்தது. இரும்பு வலுவானதுதான், ஆனால் பித்தளை அளவுக்குச் சுருங்கித் திரும்பாது, பூச்சு போனால் துருப்பிடிக்கும், திரும்ப அடைக்கத் தோதில்லை. அலுமினியம் லேசு, ஆனால் சீக்கிரம் களைத்துவிடும், ஒருமுறைக்குத்தான் லாயக்கு. நிக்கல் பூசிய பித்தளை தோல் பெல்ட்டில் இருந்தாலும் களிம்பு பிடிக்காது, ஆனால் திரும்ப அடைக்க அடைக்கப் பூச்சு உரியும். ரவைத் தோட்டாவில் மட்டும் 1960லிருந்து பிளாஸ்டிக் வந்து அட்டையை ஓட்டிவிட்டது. ரைஃபிளில் எழுபது-முப்பது இன்னும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

நம் நாட்டில் வேட்டை முடிந்துவிட்டது. நீலகிரியில் 1877இலேயே வேட்டைக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்து, 1879இல் வேட்டையை ஒழுங்கு செய்யும் சட்டமும் வந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்த வகையில் நிம்மதிதான். மிருகங்கள் மிஞ்சட்டும், கூடுகள் காட்சிசாலையில் இருக்கட்டும்.

ஆனால் தாத்தா காலத்து அலமாரியிலும் பரண் மேலும் பழைய தோட்டாக்கள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சுட்டுப் பார்க்க நினைக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கடையில் விற்கும் பித்தளைப் பளபளப்புத் திரவங்கள் சிலவற்றில் அமோனியா இருக்கிறது, அதைப் போட்டால் நீங்களே லாயம் கட்டிய மாதிரிதான். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். அறுபது எழுபது வருடம் அமைதியாக இருந்ததே, இனி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். அந்தக் கூடுகளும் பெட்டிக்குள் அமைதியாகத்தான் இருந்தன.